ஆமை இறைச்சி: சமையலுக்கு முன் சில ஐயங்கள்

கேள்வி: தலையைத் துண்டித்து வெகுநேரம் ஆன பிறகும் ஸ்னாப்பிங் ஆமையின் (வலுவாகக் கடிக்கும் வட அமெரிக்க நன்னீர் ஆமை) வாய் குச்சியைக் கவ்வியது. எப்படி?

பதில்: ஆமையின் மூளை ஆக்சிஜன் இல்லாமலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், எனவே கழுத்து அறுபட்டதுமே உயிர் பிரிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அதன் வேதனையை நீட்டிக்காமல் இருக்கவும் உங்கள் விரல்களைக் காத்துக்கொள்ளவும், தலையைத் துண்டித்த உடனே மூளையையும் சிதைத்துவிட வேண்டும் என்கிறது கால்நடை மருத்துவம். அதன் பின்னும் கால்கள் உதறலாம், இதயம் துடிக்கலாம். அவை உணர்வற்ற அசைவுகளே.

கேள்வி: அறுக்கும் முன் ஆமையைச் சில நாள் நல்ல தண்ணீரில் விட்டுவைத்தால் நஞ்சு நீங்கிவிடுமா?

பதில்: நீங்காது. குடல் காலியாகும், சேறு கழியும், அறுக்கும்போது நாற்றம் குறையும்; அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் வாழ்ந்து, மீனும் செத்த பிராணிகளும் தின்று வளரும் ஸ்னாப்பிங் ஆமையின் கொழுப்பு, ஈரல், முட்டை ஆகியவற்றில், மாசடைந்த நீரிலுள்ள பிசிபி என்னும் வேதிப்பொருள் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இம்மூன்றையும் தோலையும் நீக்கிவிடுங்கள். கொழுப்பில்தான் சுவை இருக்கிறது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பாதரசமோ தசையிலேயே படிவதால் அதைக் கத்தியால் அகற்ற வழியில்லை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களும் 15 வயதுக்கு உட்பட்டவர்களும் இந்த ஆமையை உண்ணவே வேண்டாம் என்று நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

கேள்வி: கடலாமையையும் இதே முறையில் சுத்தம் செய்யலாமா?

பதில்: அதைத் தொடவே கூடாது. கடலாமைகள் யாவும் அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பட்டியலில், உள்ளன. அழுங்காமை போன்றவற்றின் இறைச்சி சில வேளைகளில் கொடிய நஞ்சாகிவிடுகிறது. நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுப்பதில்லை, எவ்வளவு வேகவைத்தாலும் அது அழிவதில்லை, மாற்று மருந்தும் கிடையாது. தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தையைச் சென்றடையும். 2024 மார்ச்சில் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரின் பெம்பா தீவுப் பகுதியில் கடலாமை இறைச்சியை உண்ட 8 குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தனர். 78 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

கேள்வி: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி பற்றிப் பயப்பட வேண்டுமா?

பதில்: நோயின் அறிகுறி ஏதுமின்றியே ஆமைகள் அக்கிருமியைச் சுமக்கும். சமையலறைக்கு வெளியே அறுத்து, கத்தியையும் பலகையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவி, இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவைத்தால் போதும்.

கேள்வி: என் ஆமைக்கறி ரப்பர் போல இருந்தது.

பதில்: வயதான ஆமையின் தசை நார் மிகுந்தது, தீயைக் கூட்டினால் மேலும் இறுகும். தசையை மூடியிருக்கும் வெண்சவ்வை உரித்துவிட்டு, மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணி நேரம், எலும்பிலிருந்து கறி தானாகக் கழலும்வரை வேகவிடுங்கள். பாதங்களில் பொடி எலும்புகள் நிறைய உண்டு. பரிமாறும் முன் சாற்றை வடிகட்டிவிடுங்கள்.