ஓரம் வெட்டுப்பட்ட நாணயம்: அச்சடிப்புப் பிழையா, பிறகு வந்த சேதமா?

நாணயத்தின் ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லை, எழுத்தும் இரட்டையாகத் தெரிகிறது, இது அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழையா, பிறகு வந்த சேதமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் வெட்டுக்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். அச்சடிப்பதற்கு முன்பே வில்லையில் (எழுத்து பதியாத வெற்று உலோகத் தட்டில்) துண்டு குறைந்திருந்தால், விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மங்கியிருக்கும். இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அசலான பிழைக் காசுகள் எல்லாவற்றிலும் இது இருக்காது. இருந்தால் நல்ல சாட்சி. அப்புறம், வெட்டின் அருகே உள்ள எழுத்து: அசலில் உலோகம் அந்தப் பக்கம் வழிந்து எழுத்து மெலிந்து இழுபட்டிருக்கும். அரத்தால் ராவிய காசில் எழுத்து சட்டென்று அறுந்து நிற்கும்.

இரட்டை எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காசை அடிக்கும் அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டு எழுத்தும் மேடாக, உருண்டையாக இருக்கும்; முனைகள் பிளந்திருக்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு இதற்குப் பேர்போனது. படிக்கட்டு போலத் தட்டையாக, எழுத்தையே சீவியது மாதிரி இருந்தால், அடிக்கும்போது அச்சு அசைந்திருக்கிறது, அவ்வளவுதான். சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

சரி, எதுவானாலும் காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.