கேள்வி-பதில்: தங்கப் பதக்கத்துக்குப் பின் யோஷிடா

கேள்வி: ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜப்பானிய ஜூடோ வீரர் ஹிடெஹிகோ யோஷிடா, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி, ஒரு சமநிலை என்ற கணக்குடன் ஓய்வு பெற்றார். இதை வெற்றிகரமான வாழ்க்கை என்று சொல்ல முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: சொல்ல முடியும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 78 கிலோ பிரிவில் தாம் ஆடிய ஆறு ஆட்டங்களையும் ‘இப்பான்’ என்னும் முழு வெற்றியாகவே முடித்துத் தங்கம் வென்றவர் அவர். 1999இல் 90 கிலோ பிரிவில் உலகச் சாம்பியனும் ஆனார். அடுத்த ஆண்டு சிட்னியில் கையில் ஏற்பட்ட காயத்தால் பதக்கமின்றித் திரும்பினார். 2002 ஆகஸ்டில், முப்பத்து மூன்று வயதை நெருங்கும் வேளையில், டோக்கியோ தேசிய அரங்கில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியை எதிர்கொண்டபோதுதான் அவருடைய இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது. பெரும்பாலான வீரர்கள் தம் உச்சத்தைக் கடந்துவிடும் வயதில், குத்தும் உதையும் கலந்த ஓர் ஆட்டத்தை அவர் அடிப்படையிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

அவர் யாரிடம் தோற்றார் என்பதையும் பாருங்கள். 2003 நவம்பரில் பிரைடு என்னும் ஜப்பானியக் கலப்புத் தற்காப்புக் கலைத் தொடரின் அரையிறுதியில், அப்போதைய நடுத்தர எடைச் சாம்பியன் வாண்டர்லே சில்வாவிடம் இறுதிவரை நின்று போராடிய பிறகே நடுவர்களின் தீர்ப்பில் தோற்றார். 2005இல் மீண்டும் சில்வாவிடமே தோற்றபோது நடுவர்களின் தீர்ப்பு ஒருமனதாக அமையவில்லை. மிர்கோ குரோ காப், ஜோஷ் பார்னெட், சிட்னியில் மல்யுத்தத் தங்கம் வென்ற ரூலன் கார்ட்னர் ஆகியோரிடமும் அவர் தோற்றார். எளிய எதிராளிகளைத் தேர்ந்தெடுத்துக் கணக்கைக் கூட்டிக்கொள்ளும் வழியை அவர் நாடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: ஜூடோ உடையணிந்து ஆடியது அவருக்கு நியாயமற்ற சாதகம் அல்லவா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சாதகம் இருந்தது என்பது உண்மை. கியோஷி தமுராவை 2003இல் தமது சட்டைக் கையையே பயன்படுத்திக் கழுத்தை நெரித்து வென்றார். ஆனால் உடை அணிந்தவரின் கழுத்துப் பட்டியையும் கையையும் எதிராளியும் பற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்தச் சாதகம் ஒருதலைப்பட்சமானது அன்று. கிரேசியுடனான முதல் ஆட்டத்தில், கிரேசி நினைவிழந்துவிட்டதாகக் கருதி நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதும், அவர் உடனே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்ததும் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. 2003 டிசம்பர் 31 அன்று நடந்த மறு ஆட்டத்தில் கிரேசி தமது மேலுடையைக் கழற்றிவிட்டு ஆடினார். தீர்ப்பளிக்கும் நடுவர்கள் இல்லாத விதிப்படி அது சமநிலையில் முடிந்தாலும், ஆட்டத்தின் போக்கு கிரேசியின் பக்கமே இருந்தது என்பதை யோஷிடாவை விரும்பும் நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடையை மட்டும் வைத்து அவருடைய திறனை அளப்பதும் சரியாகாது. கிக்பாக்சிங் வீரரான மார்க் ஹன்ட்டை 2004இல் கைமூட்டுப் பூட்டால் அவர் பணியவைத்தார். தரைக்குக் கொண்டுவந்துவிட்டால் எலும்பு மூட்டுகளை எப்படிப் பூட்டுவது என்ற அறிவு, உடையிலிருந்து வருவதன்று.

கேள்வி: அவரோடு மோதிய மற்ற ஜூடோ வீரர்கள் யார்? (வாசகர், திருச்சி)

பதில்: பார்சிலோனாவில் வெள்ளி வென்ற நவோயா ஒகாவாவை 2005 டிசம்பர் 31 அன்று கைப்பூட்டால் வென்றார். பெய்ஜிங் தங்கம் வென்ற சதோஷி இஷியி 2009 டிசம்பர் 31 அன்று முதன்முறையாக இவ்வகைப் போட்டியில் இறங்கியபோது, நாற்பது வயது யோஷிடாவிடம் தீர்ப்பில் தோற்றார். 2010 ஏப்ரலில் டோக்கியோவின் நிப்பான் புதோகான் அரங்கில் யோஷிடா தமது இறுதி ஆட்டத்தை ஆடினார். எதிரே நின்றவர் அவருடைய பயிற்சிக் கூடத்திலேயே வளர்ந்த கசுஹிரோ நகமுரா. தீர்ப்பு நகமுராவுக்குச் சாதகமாக அமைந்தது.