போதும்னு எப்போ தெரியும்? பொம்மை கலெக்ஷனை குறைக்க நினைக்கிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா, 14 வருஷமா சேக்குறேன். டைகாஸ்ட் கார், அதாவது உலோகத்துல வார்த்த குட்டி கார், ஒரு 600 இருக்கும், ஆக்ஷன் ஃபிகர்னு சொல்ற கை கால் அசையுற ஹீரோ பொம்மை 200க்கு மேல, வண்டியா உருமாறுற பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ கொஞ்சம். போன மாசம் ஒரு கார் வாங்கிட்டு வந்து அலமாரில வைக்கப் போனா அதே கார், அதே கலர், ஏற்கனவே ரெண்டு இருக்கு. கட்டிலுக்கு அடியில பிரிக்காத பார்சல் அஞ்சு கிடக்கு. முன்னல்லாம் என் மனைவி திட்டுவாங்க, இப்போ ஒண்ணும் சொல்றதில்ல, அதான் பயமா இருக்கு. நிறுத்திடணுமா? குறைக்கிறதுன்னா எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: தம்பி, 600ங்கிற நம்பர் எனக்கு பெருசா படல. மூவாயிரம் கார் வச்சிகிட்டு எது எந்த ட்ராயர்ல இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்ற ஆளையும் பாத்திருக்கேன், எண்பது வச்சிகிட்டு மூச்சு முட்டுற ஆளையும் பாத்திருக்கேன். என்னை நிறுத்தினது அந்த அஞ்சு பார்சல்தான். பொம்மை மேல ஆசை இருக்கிறவனுக்கு பார்சல் வந்தா கத்தரிக்கோல் தேடக்கூட பொறுமை இருக்காது, பல்லாலயே பிரிச்சிடுவான். உங்களுக்கு ஆர்டர் போட்ட உடனேயே அந்த சந்தோஷம் முடிஞ்சிடுது, பொம்மை பின்னாடி மெதுவா வந்து சேருது, அவ்ளோதான். டூப்ளிகேட், அதாவது ஒரே பொம்மையை ரெண்டாவது தடவை, வாங்குறது தப்புன்னு சொல்ல வரல, ஒண்ணு பிரிக்க ஒண்ணு கவரோட வைக்கன்னு தெரிஞ்சே வாங்குறவங்க நிறைய பேரு, ஆனா வீட்ல ரெண்டு இருக்கிறதே ஞாபகம் இல்லாம மூணாவது வாங்குனா அந்த முதல் ரெண்டையும் நீங்க பாத்து எத்தனை நாள் ஆச்சுன்னு யோசிச்சு பாருங்க.

ஒரு விஷயத்துல மட்டும் பயப்பட வேணாம். மனநல டாக்டர்கள் வச்சிருக்கிற டிஎஸ்எம் கையேடு, அதோட அஞ்சாவது பதிப்பு 2013ல வந்தப்போ, பொருளை விடவே முடியாம குவிக்கிறதை ஒரு தனி பிரச்சினையா சேத்தாங்க. அதுல முக்கியமா பாக்குறது என்னன்னா ஒரு பொருளை வெளிய அனுப்புறதே வேதனையா இருக்கா, குவிஞ்சதால புழங்குற இடத்துல புழங்க முடியாம போயிடுச்சா. உங்க கட்டில்ல இன்னும் படுக்க முடியுது, குறைக்கணும்னு நீங்களே கேக்குறீங்க, அந்த கேஸா தெரியல. எதை எடுத்தாலும் கை நடுங்குதுன்னா மட்டும் என்னைய விட்டுட்டு ஒரு டாக்டரை பாருங்க.

சரி, இது ஏன் நிக்கவே மாட்டேங்குது? ஹாட் வீல்ஸ்ங்கிற குட்டி கார் பிராண்டு 1968ல வந்தப்போ மொத்தமே 16 மாடல். கென்னர் கம்பெனி 1978ல ஸ்டார் வார்ஸ் ஃபிகர் இறக்கினப்போ முதல்ல 12. செட்டை முடிச்சிட்டேன்னு ஒரு சின்னப் பையனால சொல்ல முடிஞ்ச காலம் அது. இன்னிக்கு ஹாட் வீல்ஸ் மெயின்லைன்லயே, அதாவது சாதாரண வரிசைலயே, வருஷத்துக்கு 250, அதுக்கு மேல கலர் மாத்தினது, பிரீமியம், கடைக்கு ஒரு ஸ்பெஷல்னு வேற. ஃபுல் செட்டுங்கிற எல்லைக் கோட்டை கம்பெனிதான் போடுது, நீங்க கிட்ட போகப் போக அவங்க தள்ளி போடுவாங்க, அதனால கோட்டை நீங்க போடணும். எனக்கு கோடு ஒரு கண்ணாடி அலமாரி, அஞ்சு தட்டு, அதுக்கு மேல ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும், பரண்ல அட்டைப்பெட்டி வைக்கிறதெல்லாம் கணக்குல சேராது. சில பேரு ஒரே வண்டி பிராண்டு, இல்லன்னா ஒரு குறிப்பிட்ட பத்து வருஷத்து பொம்மை மட்டும்னு வச்சிருப்பாங்க, அதுவும் நல்ல கோடுதான்.

அடுத்தது எல்லாரும் சொல்ற சாக்கு, "பின்னாடி விலை ஏறும்". பழைய பொம்மைக்கு விலை ஏன் வந்துச்சு? அந்த காலத்து புள்ளைங்க அதை மண்ணுல போட்டு உருட்டி, கை கால ஒடிச்சு, தூக்கி போட்டாங்க, அதுல தப்பிச்சது கொஞ்சம்தான். இப்போ எல்லாரும் கவரே பிரிக்காம பத்திரமா வச்சிருக்கோம், அப்புறம் எப்படி அரிதாகும்? பீனி பேபிஸ்னு 1993ல ஒரு குட்டி துணி பொம்மை வந்துச்சு, 90களோட கடைசில ஜனங்க அதை பங்கு மாதிரி வாங்கி அடுக்குனாங்க, 1999ல விவாகரத்து பண்ணுன ஒரு ஜோடி கோர்ட்டு தரையில குந்திகிட்டு அந்த பொம்மைகளை ஒண்ணொண்ணா பங்கு பிரிக்கிற போட்டோ கூட இருக்கு. கொஞ்ச நாள்லயே விலை பொத்துனு விழுந்துச்சு. 2023ல, பாப்னு பெரிய தலை வச்ச குட்டி ஃபிகர் செய்யுற ஃபன்கோ கம்பெனியே விக்காம தேங்குன சரக்கை அழிக்கப் போறோம்னு அறிவிச்சது, நாம அதே பாப் ஃபிகரை பாக்ஸ் மூலை மடங்காம பிளாஸ்டிக் கவர் போட்டு காப்பாத்திட்டு இருக்கோம்.

இதை விட எனக்கு வயித்தெரிச்சல் தர்றது, பூட்டி வச்சா பொம்மை அப்படியே இருக்கும்னு நினைக்கிறது. பிளாஸ்டிக் சும்மா இருக்காது. பிவிசில செஞ்ச ஃபிகரை மெத்துனு ஆக்க ஒரு எண்ணெய் மாதிரி பொருளை கலப்பாங்க, அது வருஷக்கணக்குல மெதுவா மேல கசிஞ்சு பிசுபிசுன்னு ஆகும், காத்தே போகாத பாக்ஸுக்குள்ள இன்னும் மோசம். கைல ஒட்டுதா, வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு மெல்ல கழுவி நிழல்ல காய விடுங்க, கொஞ்ச நாளைக்கு தாங்கும். வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டா மஞ்சளாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைக்கிறவங்க இருக்காங்க, பல சமயம் மஞ்சள் திரும்ப வந்துடும். உங்க டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ல தங்க கலர் சுழி சுழியா மின்னுற பிளாஸ்டிக் இருக்கான்னு பாருங்க, 80களோட கடைசிலேர்ந்து வந்த சிலதுல அந்த தங்க பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உதிரும், அதுக்கு ஒரு வைத்தியமும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தா உருமாத்தி பாக்காதீங்க, மடக்குற எடத்துலயே போயிடும். ரொம்ப பழைய டைகாஸ்ட் வண்டில துத்தநாகத்தோட கொஞ்சமா ஈயம் கலந்திருந்தா உலோகமே விரிசல் விட்டு தூளாகும், இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி வந்ததுல இது ஜாஸ்தி.

இப்போ வேலைக்கு வருவோம். முதல்ல விக்காதீங்க, வாங்குறதை நிறுத்துங்க, ஒரு மூணு மாசம். ஏன்னா வித்து கைல காசு வந்தா அது நேரா அடுத்த பொம்மைக்குத்தான் போகும், நான் அப்படி ஒரு வருஷம் ஓட்டிருக்கேன். போன்ல இருக்கிற ஷாப்பிங் ஆப்பை எடுத்துடுங்க, வாட்சாப் விற்பனை குரூப்பை மியூட் பண்ணுங்க. அந்த மூணு மாசத்துல கை அரிக்கும், அப்போல்லாம் இருக்கிறதை தூசி தட்டி ஒரு நோட்டுல எழுதுங்க, மொத்தத்தையும் கைல எடுத்து பாக்க அதை விட நல்ல சாக்கு கிடையாது.

எழுதும்போதே ஒவ்வொண்ணையும் பாத்து இது தொலைஞ்சு போனா திரும்ப தேடி அலைவேனான்னு கேளுங்க. ஆமான்னா ஒரு புள்ளி. பரவால்லன்னா ஒண்ணும் வேணாம். யோசிக்க வேண்டியிருந்தா அதுவும் பரவால்லதான், நம்மள நாமே ஏமாத்திக்க வேணாம்.

எதை முதல்ல அனுப்புறதுங்கிறதுல நான் பண்ணுன தப்பை சொல்லிடுறேன். சீக்கிரம் காசாகும்னு இருக்கிறதுலயே அரிதான நாலஞ்சை வித்தேன், ஒரே வாரத்துல போயிடுச்சு, திரும்பி பாத்தா அலமாரில இருந்ததெல்லாம் செட்டு நிரப்ப வாங்குன உப்புச்சப்பில்லாத சரக்கு. கலெக்ஷன் குறையல, மட்டமாச்சு. அதனால கீழேர்ந்து வாங்க, முதல்ல டூப்ளிகேட், அப்புறம் செட்டுக்காக வாங்குனது, அப்புறம் புள்ளி வாங்காத மத்தது. ஒரே மூச்சுல முடிக்கவும் பாக்காதீங்க, ஒரு கோவத்துல எல்லாத்தையும் தள்ளிவிட்டவங்க ஆறு மாசத்துல அதையே கூடுதல் விலைக்கு திரும்ப வாங்குறதை பாத்திருக்கேன்.

விலை விஷயத்துல உங்களை நீங்களே நம்பாதீங்க. கானமன், நெட்ஷ், தேலர்னு மூணு பேரு 1990ல வெளியிட்ட ஒரு ஆய்வுல பாதி பேர் கைல ஒரு சாதாரண காபி கப்பை குடுத்தாங்க, கப்பு கைல இருந்தவங்க அதுக்கு கேட்ட விலை, இல்லாதவங்க குடுக்க தயாரா இருந்ததை விட சுமார் ரெண்டு மடங்கு. சில நிமிஷம் வச்சிருந்த கப்புக்கே இப்படின்னா 14 வருஷத்துக்கு கேக்கவே வேணாம். ஈபே மாதிரி தளத்துல போட்டிருக்கிற விலையை பாக்காதீங்க, வித்து முடிஞ்ச விலைன்னு தனியா காட்டும், அதான் நிஜம். பொம்மைக்கு ஒண்ணா போட்டோ எடுத்து, பேக் பண்ணி, "கடைசி விலை என்ன ப்ரோ"ன்னு நாப்பது பேருக்கு பதில் சொல்லி மாளாது, சாதா கார் எல்லாம் அம்பது அம்பதா லாட்டு போட்டு தள்ளுங்க. லாட்டு கட்டுறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு தடவை டயரை தடவி பாருங்க, ஹாட் வீல்ஸ்ல ட்ரெஷர் ஹன்ட்னு சாதா காரோட கலந்து வர்ற அரிதான கார் 1995லேர்ந்து இருக்கு, 2007லேர்ந்து சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்னு வர்றதுல பொதுவா ரப்பர் டயரும் தனி மினுமினுப்பு பெயின்ட்டும் இருக்கும், தெரியாம அதை லாட்டுல போட்டவங்க உண்டு.

பேட்டரி பொம்மைன்னா பேட்டரியை கழட்டிடுங்க, விக்கிறதோ வைக்கிறதோ எதுவானாலும். புள்ளைங்களுக்கு குடுக்கிறது நல்ல மனசுதான், ஆனா 70கள், அதுக்கு முந்தின பெயின்ட் அடிச்ச பொம்மை வேணாம், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, வாயில வைக்கிற வயசு புள்ளைக்கு அது விஷம். குடுக்கவும் மனசு வரல வைக்கவும் இடமில்லன்னா போட்டோ எடுத்துட்டு குடுங்க, போட்டோ எடுத்து வச்சிக்க சொன்னா காலேஜ் ஹாஸ்டல் பசங்க கூடுதலா பொருளை தானம் பண்ணுனாங்கன்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, என் அனுபவமும் அதான். எங்கிட்ட இல்லாத ஒரு தீயணைப்பு வண்டியை போன்ல அடிக்கடி பாத்துக்கிறேன்.

உங்க மனைவிகிட்ட கணக்கு சொல்லாதீங்க, அந்த அஞ்சு பார்சலையும் அவங்க முன்னாடி உக்காந்து பிரிங்க. பிரிச்சப்புறம் அந்த மூணு ஒரே கார் இருக்குல்ல, அதுல ஒண்ணை கவரை கிழிச்சு தரையில உருட்டி பாருங்க, மத்த ரெண்டும் உங்க முதல் லாட்டு.