வடிவமைப்பு வகுப்பில் பாலினம்: கேள்வி பதில்

கேள்வி (மெக்கானிக்கல் ஆசிரியர், சேலம்): மேடம், வடிவமைப்பு வகுப்பில் பாலினம் பற்றிப் பேசுவதை எங்கே ஆரம்பிப்பது? 'பாலினம்' என்றாலே பையன்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

பதில்: அந்தச் சொல்லை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கார் மோதல் சோதனைப் பொம்மையிலிருந்து ஆரம்பியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1976இல் கொண்டுவந்த ஹைப்ரிட் 3 ஆண் பொம்மைக்குச் சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை. பெண் பொம்மை என்று வைத்திருப்பது 150 செ.மீ., 49 கிலோ. பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்ததுதான். சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோவில், பின்பக்க மோதலுக்கான பொம்மையை சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு 2022இல்தான் காட்டியது. இதைச் சொல்லிவிட்டு, "இந்த சீட் யார் உடம்புக்குச் செய்தது?" என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.

கேள்வி (ஆட்டோமொபைல் மாணவர், சென்னை): இது உயரம், எடை விஷயம்தானே? குள்ளமான ஆணுக்கும் இதே கதிதான்.

பதில்: பாதி சரி. ஆனால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு உயரம், வயது, மோதலின் வேகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தது. அப்படியும் முன்பக்க மோதலில், பெல்ட் போட்ட பெண்ணுக்குப் பலத்த காயம் ஆகும் வாய்ப்பு, பெல்ட் போட்ட ஆணைவிட 73 சதவீதம் அதிகம்.

அதே மாணவர்: சாலைப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் (IIHS) 2021இல் வேறு மாதிரி சொன்னதே?

பதில்: படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரே மாதிரி மோதல்களை மட்டும் ஒப்பிட்டபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது உண்மை. அங்கே பெண்கள் ஓட்டும் வண்டிகள் சராசரியாகச் சிறியவை, எடை குறைந்தவை. அதனால் அடி அதிகம். ஆனாலும் கால் காயங்களில் பெண்களின் நிலை மோசமாகவே இருந்தது. அப்புறம், வீட்டில் பெரிய வண்டி யார் கைக்குப் போகிறது, சின்னது யாருக்கு? உடம்பு ஒரு காரணம், வீட்டு வழக்கம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் பாலினம். இந்த இரண்டு ஆய்வையும் வகுப்பில் கொடுத்து மோதவிடுங்கள். ஒரு மணி நேரம் போதாது.

கேள்வி (கம்ப்யூட்டர் சயின்ஸ், மதுரை): மென்பொருளுக்கு உடம்பே இல்லையே?

பதில்: பயன்படுத்துகிறவருக்கு உண்டு. 2018இல் கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுப்பு நிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. ஆப்பிளின் உடல்நலச் செயலி 2014இல் வந்தபோது எத்தனையோ அளவுகள் இருந்தன. மாதவிடாய்க் கணக்கு மட்டும் அடுத்த ஆண்டுதான் வந்தது.

கேள்வி (திருச்சி): 'பெண்களுக்கான ஸ்கூட்டர்' என்று ப்ராஜெக்ட் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இளஞ்சிவப்பு வண்டிதான் வந்து நிற்கும். பெண் என்றதும் நிறத்தை மாற்றி முடித்துவிடுவார்கள். பிரேக் லிவரைப் பிடிக்க எத்தனை விரல் நீளம் வேண்டும் என்று அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெண்களுக்கான மிக்ஸி?

பதில்: மேலே உள்ள பதிலேதான். நிறம் வேண்டாம், அளவை எடுங்கள்.

கேள்வி (வேலூர்): வகுப்பில் நான்கே பெண்கள். அவர்களையே பேசச் சொல்லலாமா?

பதில்: கூடாது. அவர்களும் பாடம் படிக்க வந்தவர்கள். தகவலை மேசையில் வையுங்கள், எல்லோரும் பேசட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): இட ஒதுக்கீடு பற்றி உங்கள் கருத்து?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி (கோவை): மதிப்பெண் கொடுப்பது எப்படி?

பதில்: தனித் தேர்வு வேண்டாம். ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில், "யாரை அளந்தோம், யாரை விட்டோம், ஏன்" என்று எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.