உடலியங்கியல் படிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பட்ட வகுப்பு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துவதும் அவர்களோடு செய்முறைக் கூடத்தில் நிற்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க நினைப்பதையெல்லாம் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மனித உயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல் என்று மூன்று பெயர்கள் வருகின்றன மேடம். எதில் சேருவது?

பதில்: எது எங்கே இருக்கிறது என்று சொல்வது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது உடலியங்கியல். மனித உயிரியல் இரண்டையும் தொட்டுக்கொண்டு மரபியல், பரிணாமம், நோய்கள் என்று அகலமாகப் போகும்.

இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை இதழ்கள், எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவில் இருக்கிறது என்பது உடற்கூறியல். அதை மூடுவது எது? கீழறைச் சுவரிலிருந்து நீண்டு, நாண்களால் வால்வோடு இணைந்திருக்கும் பாப்பில்லரி தசைதான் இழுத்து மூடுகிறது என்று முதலாமாண்டில் பாதிப் பேர் எழுதுவார்கள். கிடையாது. கீழறையில் அழுத்தம் மேலறையைத் தாண்டியதும் வால்வு தானாக மூடிக்கொள்கிறது. அந்தத் தசை செய்வதெல்லாம், மூடிய இதழ் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான். இந்த விளக்கத்தைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு சந்தோஷம் வந்தால் உடலியங்கியல் பக்கம் வாருங்கள். படிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தையும் செய்முறை நேரம் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: பள்ளியில் கணிதம் எடுக்கவில்லை. சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. பெருக்கல், விகிதம், வரைபடம் படிப்பது, கொஞ்சம் லாகரிதம், இவ்வளவு போதும். ஆனால் கணக்கைக் கண்டு ஒதுங்காதீர்கள். சில விஷயங்கள் கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை, மூச்சுக்கு 500 மி.லி. இழுக்கிறார். மொத்தம் 6,000 மி.லி. இன்னொருவர் 24 முறை, 250 மி.லி. இவருக்கும் அதே 6,000. இருவரும் ஒன்றா? ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மி.லி. காற்றுக்குழாய்களிலேயே தங்கிவிடும், நுரையீரலின் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேராது. அதைக் கழித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 350 × 12, அதாவது 4,200. இரண்டாமவருக்கு 100 × 24, வெறும் 2,400. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வாங்குகிறவர் ஏன் திணறுகிறார் என்பது இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

லாகரிதமும் அப்படித்தான். ரத்தத்தின் பி.ஹெச். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று அர்த்தம்.

கேள்வி: வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். முதல் தேர்விலேயே தோல்வி. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். உழைப்பில் குறையில்லை, படித்த விதம்தான் இந்தப் பாடத்துக்குப் பொருந்தவில்லை. தனித்தனி வரிகளாக எடுத்தால் உடலியங்கியல் தலையில் நிற்காது. "இது மாறினால் அடுத்து எது மாறும்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று அம்புக்குறி போட்டு எழுதுங்கள். ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அதனால் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவும் குறைகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் சமிக்ஞைகள் குறைகின்றன. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு தளர்கிறது, அதை வேகப்படுத்தும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. இதயம் வேகமாகிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் பழைய நிலைக்கு ஏறுகிறது. எல்லாம் சில நொடிகளில்.

அப்புறம் சங்கிலியின் ஒரு கண்ணியை வெட்டிப் பாருங்கள். அவர் இதயத் துடிப்பை வேகமாக விடாத பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால்? நிறைய வியர்த்து உடலில் நீர் குறைந்திருந்தால்? எந்த அம்பு அறுந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது. தேர்வில் சுற்றிச் சுற்றிக் கேட்பதும் இதைத்தான். எழுதும்போது எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள். முழு அத்தியாயத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

கேள்வி: சிறுநீரகம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை மேடம்.

பதில்: நீங்கள் மட்டுமில்லை, எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அது. நேராக ஹென்லே வளைவில் (சிறுநீரக நுண்குழாயின் கொண்டை ஊசி போன்ற பகுதி) போய் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்று எண்களிலிருந்து தொடங்குங்கள். உடலில் இருக்கும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, சுமார் 3 லிட்டர். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு. அதாவது அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எதற்கு இந்த வீண் வேலை என்று தோன்றும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாச் சாமான்களையும் வெளியே வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்து வருவோம் அல்லவா, அந்த முறை இது. வேண்டாத ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அடையாளம் காணத் தேவையில்லை. வேண்டியதைத் தெரிந்தால் போதும், மற்றது தானாகப் போய்விடும். இந்த எண்ணம் மனதில் படிந்த பிறகு, நெஃப்ரான் எனும் வடிகட்டும் நுண்குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே எதைத் திரும்ப எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது? ஹென்லே வளைவைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள்.

கேள்வி: தவளை அறுக்க வேண்டுமா? ரத்தம் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்.

பதில்: பல இடங்களில் தவளைக்குப் பதில் கணினிப் பாவனைப் பயிற்சி வந்துவிட்டது. சேருவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான செய்முறைகளை மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர்தான் செய்வார்கள்: ஈ.சி.ஜி., ஸ்பைரோமெட்ரி (மூச்சுக் காற்றை அளப்பது), அனிச்சைச் செயல், ரத்த அழுத்தம்.

ரத்த அழுத்தம் பார்ப்பது லேசான வேலை போலத் தெரியும். 1905-இல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன ஒலிகளைத்தான் இன்றும் ஸ்டெத்தாஸ்கோப்பில் கேட்கிறோம். முதல் "டக்" கேட்கும் இடம் மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு. புதிதாகச் செய்பவர்கள் கைப்பட்டையின் காற்றை இறக்கும் திருகைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். அழுத்தம் நொடிக்கு 10 மி.மீ. (பாதரச அளவு) இறங்கினால், நொடிக்கு ஒரு முறை துடிக்கும் இதயத்தில் அடுத்த "டக்" கேட்பதற்குள் 10 மி.மீ. தவறிப்போகும். நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. என்று இறக்கப் பழகுங்கள். விரலுக்கு அந்தப் பக்குவம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

மயக்கம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் சரியாகிவிடும். வெட்கப்பட எதுவுமில்லை. இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் வருவது அது.

கேள்வி: படித்தால் டாக்டர் ஆகலாமா? வேலை?

பதில்: இந்தப் பட்டம் மட்டும் உங்களை மருத்துவர் ஆக்காது. இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். நுரையீரல், இதயச் செயல்பாட்டுப் பரிசோதனைக் கூடங்கள், தூக்க ஆய்வு, விளையாட்டு உடலியங்கியல், மருந்து ஆய்வு, ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. பலவற்றுக்கு மேற்படிப்போ உரிமமோ வேண்டும்.

கேள்வி: கலைச்சொற்கள் பயமுறுத்துகின்றன.

பதில்: உடைத்துப் படியுங்கள். "ஹைப்போ" குறைவு, "கேலியம்" பொட்டாசியத்தின் லத்தீன் பெயர், "ஈமியா" ரத்தத்தில். ஹைப்போகலீமியா என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. இப்படி முப்பது துண்டுகள் தெரிந்தால் பாதிப் புத்தகம் வசமாகும்.

கேள்வி: சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்ப்பை நிறுத்தினால் நரம்பு உடனே செயலிழக்கும் என்கிறேன் நான். இல்லை என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான். ஆக்‌ஷன் பொடென்ஷியலை, அதாவது நரம்பில் ஓடும் மின் சமிக்ஞையை, உண்டாக்குவது பம்ப் இல்லை. அயனி வாயில்கள் திறந்து மூடுவதால் வருவது அது. ஒரு முறை தூண்டப்படும்போது சவ்வைக் கடக்கும் அயனிகள் மிகச் சொற்பம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் இதை விளக்கியது கணவாய் மீனின் பெரிய நரம்பிழையை வைத்து. அதன் தடிமன் ஒரு மி.மீ. வரை இருக்கும் என்பதால் உள்ளே மின்முனையைச் செருக முடிந்தது. அத்தகைய இழையில் பம்ப்பை விஷம் வைத்து நிறுத்தினாலும் அது நெடுநேரம் சமிக்ஞை அனுப்பும். உள்ளே சோடியம் சேர்ந்து, பொட்டாசியம் குறைந்த பிறகுதான் ஓயும். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஏன் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து யோசியுங்கள். இழையின் பரப்பளவையும் கன அளவையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.