பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம்

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நல்ல பழக்கங்களை எல்லோருமாகச் சேர்ந்து எப்படிக் கொண்டுவருவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதிக் காலம் ஏற்காடு மலைக் கிராமங்களில், மீதி சேலத்தைச் சுற்றி. இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், இப்போது பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய்: நர்சம்மா, எங்களுக்கு வீட்டோடு விசைத்தறி. நானும் அவரும் மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவோம். நாலு வயது மகள் போன் இல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறாள். எப்படி நிறுத்துவது?

போனைப் பிடுங்குவதில் தொடங்காதே கண்ணு. அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பக்கத்தில் பேச ஆளில்லை. அந்த இடத்தில்தான் போன் வந்து உட்கார்ந்திருக்கிறது. தறி வீட்டில் மூன்று வேளையும் சேர்ந்து சாப்பிட முடியாது, எனக்குத் தெரியும். ஒரு வேளை போதும். ராத்திரி எட்டு மணிக்குத் தறியை அரை மணி நேரம் நிறுத்துங்கள். சத்தம் நின்றால் சாப்பாடு என்று இரண்டு வாரத்தில் அவளுக்கே பிடிபட்டுவிடும், நீ கூப்பிடக்கூட வேண்டாம்.

உன் போன், அவர் போன் இரண்டையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு ஆணியில் மாட்டுங்கள். பையில் போடுகிற வேலையை அவளிடமே கொடு. மூன்று பேரும் தரையில் உட்காருங்கள். அவளுக்குத் தனித் தட்டு, அவளே பிசைந்து சாப்பிடட்டும். சிந்தத்தான் செய்யும். முதல் மூன்று நாலு நாள் அழுவாள், பாதித் தட்டோடு எழுந்து போவாள். பின்னாலேயே சோற்றைத் தூக்கிக்கொண்டு போகாதே, அரை மணி கழித்து பிஸ்கட்டும் கொடுக்காதே. நல்ல ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை பசித்துச் சாப்பிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இது: இரண்டு வயதுக்குள் போன், டிவி எதுவுமே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை எப்போது வைத்தாலும் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதே. படம் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது.

ஓமலூரிலிருந்து ஒருவர்: மூன்று வயதுப் பையன் பிரஷைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறான். பால் பல்தானே, விழத்தானே போகிறது?

விழும் முன்னால் வலிக்கும். என் மூத்தவனுக்கு ராத்திரி சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்து அப்படியே தூங்க வைப்பேன். நாலு வயதில் மேல் முன்பல் நாலும் கறுத்து அரித்துவிட்டன. நடு ராத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. செவிலியராக இருந்தும் அப்போது எனக்கு அந்தக் கவனம் வரவில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் பல் தேய்க்கும்போது அவனைப் பக்கத்தில் முக்காலியில் நிறுத்துங்கள். முதலில் உங்கள் பல்லை அவன் தேய்த்துவிடட்டும், அப்புறம் அவன் பல்லை நீங்கள். உங்கள் வாய் நுரையைப் பார்த்துச் சிரிக்கும்போது அவன் வாய் திறந்துவிடும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. காலையைவிட இரவு தேய்ப்பது முக்கியம். தேய்த்தபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள் கை கொடுத்தே ஆக வேண்டும்.

ஏற்காடு, நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தாய்: காலையில் குளிருக்கு எல்லோரும் டீ குடிப்போம், இரண்டரை வயது மகனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம். பிள்ளை வெளுத்துப்போய் இருக்கிறான் என்று அங்கன்வாடியில் சொன்னார்கள்.

டீயை அவனுக்கு இன்றைக்கே நிறுத்துங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கிறது. அதோடு அந்தச் சின்ன வயிறு டீயிலேயே நிறைந்துவிடுகிறது. வெளுப்பு எவ்வளவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தைச் சொன்ன அளவில் கொடுங்கள். ரத்தச்சோகை சாப்பாட்டால் மட்டும் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்பது நியாயம்தான். மலையில் நான் பார்த்த வீடுகளில் முந்தைய நாளே ராகி மாவைக் கரைத்து வைத்துவிடுவார்கள். விடியற்காலை அடுப்பு மூட்டியதும் அதைத்தான் முதலில் காய்ச்சுவார்கள், டீ அதற்கு அப்புறம்தான். அப்படிச் செய்யுங்கள். எல்லோரும் முதல் டம்ளர் கஞ்சி குடியுங்கள், உங்கள் டீயை அவன் கண்ணில் படாமல் வேலைக்குக் கிளம்பும்போது குடியுங்கள். நீங்கள் டீயும் அவன் கஞ்சியுமாக எதிரெதிரே உட்கார்ந்தால் அவன் உங்கள் டம்ளரைத்தான் கேட்பான். பகலில் கீரையோ பயறோ கொடுக்கும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு கொய்யாவோ சேருங்கள், இரும்புச்சத்து நன்றாக ஏறும். காப்பிச் செடிக்கு நடுவே வெறுங்காலோடு விடாதீர்கள். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி ரத்தத்தைக் குடிக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: அவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகும். அப்பா வந்தால்தான் தூங்குவேன் என்று மூன்று வயது மகள் விழித்திருக்கிறாள். படுக்கப் பதினொன்றரை ஆகிறது.

மூன்று நாலு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான். மறுநாள் முழுக்க அவள் அடம் பிடிப்பதில் பாதி அந்தத் தூக்கக் கடன்தான்.

அவள் அப்பாவைக் கேட்பது தப்பே இல்லை. அதைப் பிடுங்காதீர்கள், காலைக்கு மாற்றுங்கள். காலையில் பல் தேய்த்துவிடுவது, பால் வாங்கப் போவது, இட்லி ஊட்டுவது மூன்றும் அப்பா வேலை என்று வையுங்கள். அவரும் அரை மணி முன்னால் எழ வேண்டும், வேறு வழியில்லை. இரவு எட்டேகாலுக்கு டிவியை நிறுத்தி, முகம் கழுவி, பல் தேய்த்து, விளக்கைக் குறைத்து, ஒரு கதை. தினமும் இதே வரிசை. முதல் வாரம் படுக்கும் முன் அப்பாவுக்கு இரண்டு நிமிடம் போன் போட்டுப் பேசட்டும். நேரத்தை ஒரே நாளில் இழுக்காமல் மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவாருங்கள். அவர் பத்து மணிக்கு வரும்போது கதவைத் தட்டாமல் வரட்டும்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு மருமகள்: நாங்கள் கடைத் தின்பண்டம் வேண்டாம் என்கிறோம், மாமியார் முறுக்கும் பிஸ்கட்டும் ஒளித்துக் கொடுக்கிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

நான் இப்போது பாட்டி, அதனால் அவர் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். பேரன் மடியில் ஏறி உட்காரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்ளும். அவர் கையைக் காலியாக்காதீர்கள், வேறு பொருளைக் கொடுங்கள். மாலை நாலு மணிப் பலகாரம் முழுக்க உங்கள் பொறுப்பு அத்தை என்று ஒப்படைத்துவிடுங்கள். சுண்டல், அவித்த கடலை, எள்ளுருண்டை, மாம்பழக் காலத்தில் ஒரு கீற்று மல்கோவா, எல்லாமே அவர் கையால்தான் வரட்டும். சட்டம் போடாமல் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துவருவார்கள். உங்கள் கணவர் பேசுவதுதான் நல்லது, நீங்கள் அல்ல.

அதே ஊரிலிருந்து ஒரு அப்பா: ஃபிளாட்டில் விளையாட இடமில்லை. ஐந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

நாளைக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும், ஒரேயடியாக இல்லாமல் பிரித்தும் ஓடலாம். லிஃப்டை விட்டு இருவரும் படியேறுங்கள். காலையில் உழவர் சந்தைக்கு அவனையும் நடத்திக் கூட்டிப்போங்கள், அவனுக்கென்று ஒரு சின்னப் பை. அவன் பொறுக்கிய வெண்டைக்காய் அன்றைக்குக் குழம்பில் இருந்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு அப்பா: இதெல்லாம் பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? இரண்டு நாள் செய்வோம், மூன்றாம் நாள் விட்டுவிடுவோம்.

21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி ஏமாற வேண்டாம் தம்பி. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு போட்டார்கள். பெரியவர்களுக்கே அவ்வளவு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் எடுங்கள். மாமியார் வீட்டுக்குப் போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் விட்டுப்போகும். திரும்பி வந்த அன்றைக்கே தொடங்குங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து: கீரையைத் துப்புகிறாள், விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு புது ருசி பிடிக்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் போதும், திணிக்க வேண்டாம். நீங்கள் இரண்டாம் தடவை கீரை போட்டுச் சாப்பிடுவதை அவள் பார்க்கட்டும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: அப்போ தட்டுவடை செட்டே கூடாதா நர்சம்மா?

தாராளமாகச் சாப்பிடலாம் கண்ணு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவதுதானே. சேலத்தில் பிறந்த பிள்ளைக்கு அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனது வராது. வாரம் ஒரு நாள், சாயங்காலம், எல்லோருமாக நடந்தே போங்கள். கேரட், பீட்ரூட் துருவலை அதிகம் வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைக்குக் காரச் சட்னியைக் குறைக்கச் சொல்லுங்கள். கடையில் கை கழுவத் தண்ணீர் இருக்குமோ இருக்காதோ, ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னச் சோப்புத் துண்டும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.