படிக்கும்போதே பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட்: வாசகர் கேள்விகள்

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது? (தண்டையார்பேட்டை)

உங்கள் தெருவிலேயே ஆரம்பியுங்கள், தம்பி. எட்டுப் பத்து வீடுகள் உள்ள பழைய ஃபிளாட்டுகளில் கணக்கெழுத ஆள் கிடைக்காமல் அசோசியேஷன் (வீட்டுக்காரர்கள் சங்கம்) செயலாளர் தவிப்பார். "நான் எழுதித் தரேன் சார்" என்று போய்க் கேளுங்கள். மெயின்டனன்ஸ் வசூல், பொது ஈ.பி. பில், வாட்ச்மேன் சம்பளம், லாரித் தண்ணீர் என எல்லாவற்றுக்கும் பில்லோ வவுச்சரோ இருக்க வேண்டும். நம் பக்கம் தண்ணீர்ச் செலவில்தான் சண்டையே மூளும். லாரி வந்தால் கூடவே நில்லுங்கள். இறக்கும் முன்னும் பின்னும் சம்ப்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) கம்பு விட்டு அளந்து, தேதியோடு எழுதுங்கள். வசூல் பணம் ஒரு ரூபாய்கூட உங்கள் ஜிபேவுக்கு வரக்கூடாது. அசோசியேஷன் வங்கிக் கணக்குக்கே போகட்டும். இந்தத் தொழிலில் முதலீடே நம்பிக்கைதான்.

துபாயில் இருக்கும் மாமா, வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? (திருவொற்றியூர்)

தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சொத்து மேலாளர் என்பவரைச் சட்டமே அங்கீகரிக்கிறது. எனவே மாமாவிடம் எழுத்தில் அதிகாரம் வாங்கி, குடியிருப்பவரிடம் காட்டுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வாடகை வாங்கினால் கையோடு ரசீது. பார்வையிடப் போவதானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். சொந்த மாமா வீடு என்று கதவைத் தட்டிக்கொண்டு நுழைவது தப்பு.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டுமா? (பெரம்பூர்)

பராமரிப்புக்கு மட்டும் என்றால் வேண்டாம். பில்டர்களின் புது ஃபிளாட்டுகளை விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்க நினைத்தால், முதலில் ஏஜென்டாகப் பதிவு செய்யுங்கள்.

மோட்டார், பிளம்பிங் எதுவும் தெரியாது. பெண் நான் சமாளிப்பேனா? (வியாசர்பாடி)

தாராளமாக, அம்மா. பிளம்பர் வரும்போதெல்லாம் கூடவே நின்று, எந்த வால்வு எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டுப் பெயின்டால் எழுதி வையுங்கள். அக்டோபருக்குள் மொட்டை மாடிக் குழாய் வாயில் அடைத்த சருகை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஏரியாவில் முக்கியமாக சம்ப் மூடியைப் பாருங்கள். விளிம்பு தரைமட்டத்திலேயே இருந்தால், தெருவில் தேங்கும் சாக்கடைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கிவிடும். மழைக்கு முன்பே கொத்தனாரை வைத்து விளிம்பை உயர்த்த அசோசியேஷனிடம் எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.